யாருக்கு எந்தக் காய் வேண்டாம்

ஜூலை 12, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகாக இருக்கும் என்பதற்காக எதையும் சேர்க்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விட மாட்டேன். இப்படிக்கு, நெ. பிரமநாயகி, எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, பாளையங்கோட்டை.

முதல் உண்மை: இது நானாக எடுத்துக்கொண்ட சத்தியம் இல்லை. மரிய புஷ்பம் டீச்சர் கேட்டு வாங்கியது. வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு விதை இலவசம், ஆனால் நாட்குறிப்பு எழுத வேண்டும். “பொய் எழுதினா நோட்டுல நல்ல தோட்டம் வளரும். ஆனா அடுத்த வருஷம் அத வச்சு ஒரு மிளகாய்ச் செடி கூட வளக்க முடியாது” என்றார் டீச்சர்.

மேஜையில் பன்னிரண்டு கிண்ணங்களில் பன்னிரண்டு விதைகள் இருந்தன. ஆளுக்கு ஐந்து வகைதான். எல்லாரும் பாய்ந்து எடுத்தார்கள். நான் மட்டும், “யோசித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்கிறேன் டீச்சர்” என்றேன்.

“வெத எடுக்கதுக்குக் கூட லீவு லெட்டர் எழுதுவா இவ” என்றாள் செல்வராணி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. பன்னிரண்டில் ஐந்து! எத்தனை விதமாக எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு விதம்.

ஜூலை 13, ஞாயிறு

இடத்தை அளந்தேன். கிணற்றடிக்குப் பக்கத்தில் பதினான்கு அடி நீளம், ஐந்து அடி அகலம். காலையில் எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை வெயில் விழுகிறது.

டீச்சருக்குப் புரிவதற்காக எங்கள் வீட்டைப் பற்றி எழுத வேண்டும். இது தாத்தா கட்டிய வீடு. தாத்தா இறந்த பிறகு நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். ஒரு பாதியில் அப்பா, அம்மா, நான். மறு பாதியில் அப்பாவின் அக்கா, என் உலகம்மை அத்தை தனியாக இருக்கிறாள். கிணற்றை மட்டும் இரண்டாக்க முடியவில்லை. அதனால் பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் பொது. இரண்டு பின்வாசல்களும் கிணற்றைப் பார்த்தபடி இருக்கின்றன.

அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. மூன்று வருஷம் ஆகிறது. சண்டையெல்லாம் கிடையாது. பேசுவதில்லை, அவ்வளவுதான். இன்று காலையில் நான் அளவு நாடாவோடு நின்றபோது நடந்தது:

“பிரமு, உங்கப்பாட்ட சொல்லு, கெணத்துக் கயிறு நைஞ்சு போயிருக்கு” என்றாள் அத்தை. அப்பா அந்தக் கயிற்றைத்தான் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“பிரமு, உங்கத்தைட்ட சொல்லு, புதுக் கயிறு நேத்தே வாங்கியாச்சு” என்றார் அப்பா.

நான் இரண்டு பக்கமும் சொல்லவில்லை. இருவருக்கும்தான் காது கேட்டதே.

அதே நாள், மத்தியானம்

மதிப்பெண் முறை கண்டுபிடித்துவிட்டேன்! ஒவ்வொரு காய்க்கும் நான்கு பரீட்சை. இடம் போதுமா? வெயில் போதுமா? சீக்கிரம் காய்க்குமா? வீட்டில் சாப்பிடுவார்களா? ஒன்றுக்குப் பத்து மதிப்பெண். பூசணி பதினெட்டு வாங்கிப் பரிதாபமாக நிற்கிறது. வெண்டை முப்பத்தைந்து. அவரை முப்பத்தேழு, வகுப்பிலேயே முதல்! இதே இடத்தில் தாத்தா அவரைப் பந்தல் போட்டிருந்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் மண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா என் தாளை வாங்கிப் பார்த்தார். என் பேனாவை எடுத்து அவரையின் மேல் ஒரு கோடு போட்டார்.

“ஏன்ப்பா?”

“அது வேண்டாம்.”

“முப்பத்தேழு மார்க்குப்பா!”

“வாய்வு” என்றார்.

அடுக்களையில் அம்மா கரண்டியைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைத்தாள்.

ஜூலை 14, திங்கள்

என் முறையில் ஒரு பிழை இருக்கிறது. ‘வீட்டில் சாப்பிடுவார்களா’ என்பதை நானே ஊகித்து மதிப்பெண் போட்டுவிட்டேன். அது ஆராய்ச்சி இல்லை. அதனால் ஓர் அட்டவணை தயாரித்தேன். பெயர், வேண்டும், வேண்டாம், காரணம் என்று நான்கு பத்தி.

அம்மா: வெண்டை, மிளகாய், கீரை வேண்டும். பூசணி வேண்டாம். காரணம், “அது படர்ந்தா நாம வீட்டக் காலி பண்ணணும்.”

அப்பா: எதுவானாலும் சரி. பாகல் வேண்டாம், பிடிக்காது. அவரை வேண்டாம், வாய்வு. (எத்தனை நாளாக என்று கேட்டேன். “மூணு வருஷமா” என்று அம்மா பதில் சொன்னாள். அதையும் எழுதிக்கொண்டேன்.)

நான்: தக்காளி வேண்டும். கொத்தவரை வேண்டாம். காரணம் எழுத இடம் போதவில்லை.

நிலம் பொது என்பதால் அத்தையையும் கேட்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளோடு போனேன். அட்டவணையில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று. அத்தை முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதைச் சொன்னாலும் தூரத்தில் இருக்கிறவருக்குச் சொல்வது போலவே சொல்வாள்.

“கத்திரிக்கா போடாதட்டி. அத நான் காசியில விட்டுட்டு வந்துட்டேன். கண்ணுல பாத்துக்கிட்டு திங்காம இருக்க முடியாது பாத்துக்க.”

காசிக்குப் போனால் ஒரு காயை அங்கே விட்டுவிட்டு வர வேண்டுமாம். பிறகு ஆயுளுக்கும் அதைச் சாப்பிடக் கூடாது. நிஜமாகவே பிடித்த காயைத்தான் விட வேண்டும். தாத்தாவின் அஸ்தியைக் கரைக்க அத்தையும் அப்பாவும் போனபோது அத்தை கத்தரிக்காயை விட்டாள். எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் அவளுக்கு உயிர்.

“உங்கப்பன் என்னத்த விட்டான்னு கேளு.”

“என்னத்த விட்டாங்க?”

“பாகக்கா!” அத்தை மாவில் ஒரு குத்து விட்டாள். “பொறந்ததுலேருந்து பாகக்காய நாக்குல வச்சுருக்கானா அவன்? பெத்த தகப்பனுக்கு, திங்காத காய விட்டுட்டு வந்த ஒரே பிள்ள இந்த லோகத்துலேயே அவன்தான்.”

“அப்ப உங்களுக்கு எது வேணும் அத்தை?”

“சுரைக்கா போடு. சுரைக்கா கூட்டு வச்சு எத்தன நாளாச்சு!”

ஜூலை 15, செவ்வாய்

காசியைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். படித்துறையில் ஒரே கூட்டமாம். புரோகிதர், “என்ன காய்? சீக்கிரம் சொல்லுங்கோ” என்று அவசரப்படுத்தினாராம். அப்பா அழுதுகொண்டிருந்தாராம். வாயில் வந்தது பாகற்காய். (அம்மா மைனி என்று சொல்வது அத்தையை.) “மைனிக்குக் கோவம் வந்துட்டு. அம்புட்டு பேர் முன்னால, நீயெல்லாம் ஒரு மகனான்னு கேட்டுட்டாவ. திரும்பி வரும்போது ரயில்ல ரெண்டு நாள், ஆளுக்கொரு சன்னலப் பாத்துக்கிட்டு வந்துருக்காவ. அதோட சரி.”

ஒரு பாகற்காய்க்காகவா என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் ஐந்தையும் எடுத்துக்கொண்டேன். வெண்டை, மிளகாய், தக்காளி, தண்டங்கீரை, சுரை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்த மரிய புஷ்பம் டீச்சர், “முதல் மார்க் வாங்கின பிள்ளைய வீட்டுக்கு அனுப்பிட்டியா?” என்று சிரித்துவிட்டு, இரண்டே இரண்டு அவரை விதைகளைத் தனியாக என் உள்ளங்கையில் வைத்தார். ஆறுதல் பரிசு!

ஜூலை 20, ஞாயிறு

விதைத்தாயிற்று!! ஆடிப்பட்டம். அம்மா மண்ணைக் கொத்திக் கொடுத்தாள். அத்தை பின்வாசலில் நின்று, “ஆழமாப் போடாத, ஆழமாப் போடாத” என்று கத்திக்கொண்டிருந்தாள். அப்பா மூங்கில் கழி நான்கு கொண்டுவந்து சுரைக்குப் பந்தல் கட்டினார். இரண்டு அவரை விதைகளை உடைந்த பக்கெட்டில் ஊன்றினேன். அப்பா அதைப் பார்த்தார். கோடு போட அவரிடம் பேனா இல்லை.

ஜூலை 23, புதன்

கீரை! கீரை! கீரை!

ஜூலை 27, ஞாயிறு

சுரை முளைத்துவிட்டது. விதையின் ஓட்டைத் தொப்பி போல மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதைக் கழற்றிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. கழற்றவில்லை. அடுத்த நாள் அதுவே கழன்றுவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. வெண்டை ஆறு, மிளகாய் நான்கு, தக்காளி மூன்று. அவரை இரண்டுமே!

ஒரு கண்டுபிடிப்பு: காலையில் அப்பா தண்ணீர் ஊற்றுகிறார். முதலில் உடைந்த பக்கெட்டுக்குத்தான் ஊற்றுகிறார். இன்று மூன்றாவது நாளாகக் கவனித்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெண்டை இலையில் அசுவினிப் பூச்சி. சாம்பல் தூவினேன். தமிழ்த் தேர்வு. ஐம்பதுக்கு நாற்பத்தாறு.

ஆகஸ்ட் 16, சனி

இன்று மூன்று விஷயங்கள் நடந்தன. இரண்டு அத்தை வீட்டில், ஒன்று கிணற்றடியில்.

ஒன்று: அத்தையின் மகன் சிதம்பரம் அத்தான் ஓசூரிலிருந்து பெரிய விளக்கு ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறான். எலக்ட்ரீஷியன் வந்து அதைப் பின்வாசலுக்கு மேலே மாட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் காலை வரை எரியும். கிணற்றடி முழுவதும் பகல் மாதிரி ஆகிவிட்டது.

“பிரமு, உங்கத்தைட்ட கேளு, இங்கன கிரிக்கெட் மேச்சு எதும் நடக்கப் போவுதான்னு” என்றார் அப்பா.

“பிரமு, உங்கப்பாட்ட சொல்லு, தனியாக் கெடக்கவளுக்கு வெளிச்சம்தான் தொண” என்றாள் அத்தை.

இரண்டு: அத்தை போனில் அத்தானோடு பேசினாள். அத்தை போனில் பேசினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். செப்டம்பர் பதினேழாம் தேதிக்கு அவளுக்கு டிக்கெட் போட்டாயிற்றாம். ஓசூருக்கே போய் இருந்துவிடப் போகிறாளாம். “வீட்டப் பூட்டிட்டு வாரேன்யா. இங்க யாரு இருக்கா? ஏன்னு கேக்க ஒரு நாதி கெடையாது.”

மூன்று: அப்போது அப்பா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். ராட்டினச் சத்தம் நின்றது. நான் எட்டிப் பார்த்தபோது வாளி பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மேலே வந்தது.

சுரைக்கொடி பந்தலைத் தொட இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. பதினேழாம் தேதிக்குள் ஒரே ஒரு காயாவது வர வேண்டும். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. வர வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மேலப்பாளையம் பெரியப்பா வீட்டுக் கல்யாணம். நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அவரைக்காய்ப் பொரியல் வைத்தார்கள். அப்பா அதை அப்படியே தள்ளி என் இலைக்கு மாற்றினார். பிறகு உருளைக்கிழங்கு போண்டா இரண்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“வாய்வுன்னா போண்டா மட்டும் சாப்பிடலாமாப்பா?” என்று கேட்டேன். ஆராய்ச்சிக்காகத்தான் கேட்டேன். பந்தியே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அம்மா தொடையில் கிள்ளினாள்.

வலித்தது. பொரியல் நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சுரை பூத்துவிட்டது!!! மற்றச் செடிகள் காலையில் பூக்கும். இது சாயங்காலம் பூக்கிறது! ஐந்தரை மணிக்கு மொட்டாக இருந்தது. ஆறு மணிக்கு விரியத் தொடங்கியது. டிஷ்யூ பேப்பர் போல வெள்ளை, கசங்கிய வெள்ளை. அம்மாவைக் கூப்பிட்டேன், அத்தையைக் கூப்பிட்டேன், வெளியே போய்விட்டு வந்த அப்பாவைச் செருப்பைக் கூடக் கழற்ற விடவில்லை. மூன்று பேரும் வந்து பார்த்தார்கள். அத்தை பந்தலுக்கு அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம்.

நீண்ட காம்பு. அதனால் இது ஆண் பூ. காய்க்காது. பெண் பூவுக்கு அடியிலேயே குட்டிக் காய் இருக்குமாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

பெண் பூ! விரல் நகம் அளவுக்குச் சுரைக்காய், அதன் தலையில் ஒரு பூ. மேலெல்லாம் பஞ்சு மாதிரி ரோமம். தொடவில்லை. தொட்டால் கருகிவிடும் என்று அத்தை சொன்னாள். அது உண்மையா என்று தெரியவில்லை, இருந்தாலும் தொடவில்லை. அத்தை தேங்காய் வாங்கி வைத்துவிட்டாள், கூட்டுக்கு.

செப்டம்பர் 8, திங்கள்

பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிட்டது. நோட்டின் இந்தப் பக்கம் ஈரமாக இருப்பதற்குக் காரணம் மழை இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நூலகத்தில் கண்டுபிடித்துவிட்டேன்! சுரைப்பூ ஏன் இருட்டும் நேரத்தில் பூக்கிறது? அந்துப்பூச்சிக்காக! அது ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோனால்தான் பிஞ்சு நிற்கும். அந்துப்பூச்சி வெள்ளைப் பூவை இருட்டில் தேடி வரும். ஆனால் பக்கத்தில் விளக்கு இருந்தால் பூவை விட்டுவிட்டு விளக்கையே சுற்றும்.

ஆறரை மணிக்கு எண்ணிப் பார்த்தேன். அத்தை வீட்டு விளக்கைச் சுற்றி: இருபத்துமூன்று. என் பூக்களில்: பூஜ்யம்.

கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கலாம் என்றும் புத்தகத்தில் இருந்தது. செய்தேன். என் கை வேகமாகப் பட்டு, பெண் பூ காம்போடு ஒடிந்துவிட்டது. இன்னும் இரண்டு பெண் மொட்டுகள்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விரியும் போலத் தெரிகிறது. இனி நான் தொட மாட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

அத்தையிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். பூச்சிப் படம் வரைந்து காட்டினேன்.

“லைட்ட அணைக்கச் சொல்லி உங்கப்பன் அனுப்புனானா?”

“இல்லத்தை. சுரைக்காய்தான் கேக்குது.”

“சுரைக்கா கேக்குதோ, சொரணை கேக்குதோ. வேணும்னா அவன் வாயால கேக்கட்டும். எக்கா, லைட்ட அணைன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அணைக்கேன்.”

அப்பாவிடம் போனேன்.

“நீயெல்லாம் ஒரு மகனான்னு கேட்டவட்ட நான் போயி நிக்கணுமாக்கும்” என்றார். பிறகு, “செடிதானட்டி. அடுத்த வருசம் போட்டுக்கிடலாம்” என்றார்.

அடுத்த வருஷம் அந்த வீடு பூட்டியிருக்கும். அதை அவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளைப் பிரித்தார். அது நேற்றைய தாள்.

செப்டம்பர் 11, வியாழன்

அத்தை இரண்டு பெட்டி கட்டிவிட்டாள். சுவரில் இருந்த தாத்தா படத்தைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறாள்.

அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். “அப்பாவுக்கு அவரைக்காய் என்னதான் செய்தது?”

அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். “உங்கப்பாவுக்கு அவரைக்கான்னா உசுருட்டி. கல்யாணமான புதுசுல, தாத்தா பந்தல்ல நின்னுக்கிட்டு பச்சையாப் பறிச்சு மெல்லுவாவ. காசிக்குப் போயிட்டு வந்தாவல்லா, மறுநா காலையில குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனாவ. அன்னையிலேருந்து தொடல. என்ட்ட ஒண்ணும் சொல்லல. நானாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.”

அப்படியென்றால் அப்பா விட்டிருக்கிறார்! நிஜமாகவே பிடித்ததை! காசியில் இல்லை, நம் தாமிரபரணியில்! அத்தையிடம் சொல்ல ஓடினேன். வாசலில் அப்பா நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

“பிரமு, உங்கத்தைட்ட இத நீ சொல்லக் கூடாது.”

“ஏன்ப்பா? சொன்னா எல்லாம் சரியாயிரும்லா?”

“இந்தா பாரு, நானும் விட்டுட்டேன்னு சொல்லிக்காட்டுனா அது விட்டதா ஆவுமா? அப்பாவுக்காக விட்டது. அக்காட்ட மார்க் வாங்க விடல. வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். இந்த நோட்டில் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கை வேகமாக ஓடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் டீச்சர் மன்னிக்கவும்.

திங்கட்கிழமை நோட்டைக் காட்ட வேண்டும். எங்கள் நிலம் பொது என்பதால், பங்குள்ளவர்கள் எல்லாரும் என் அட்டவணையைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று டீச்சர் இன்று சொன்னார். அத்தை அடுத்த புதன்கிழமை ஊருக்குப் போகிறாள். அதனால் இன்றே கையெழுத்து வாங்க வேண்டும். ஜூலையிலேயே எழுதிய அட்டவணை அது. அப்பாவின் வரிசையும் அதில் இருக்கிறது.

அதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழித்தால் பொய். காட்டினால் சத்தியம் போய்விடுமா? நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஆனாலும் போய்விடும் போலத்தான் இருந்தது. சாயங்காலம் வரை யோசித்தேன். கணக்கு வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று தெரியாது.

ஆறு மணிக்கு அத்தையின் பின்வாசலுக்குப் போனேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பந்தலில் இரண்டு பெண் பூக்களும் விரியத் தொடங்கியிருந்தன. அட்டவணையை நீட்டினேன். அப்போது அப்பாவின் வரிசையின் மேல் என் கட்டைவிரல் இருந்தது.

பிறகு எடுத்துவிட்டேன். தெரிந்துதான் எடுத்தேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். கொத்தவரைக்கு ‘காரணம் எழுத இடம் போதவில்லை’ என்று நான் எழுதியதைப் படித்துச் சிரித்தாள். பூசணிக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“அவரைக்கா வேண்டாமா? இவனுக்கா?” என்றாள். “வாய்வாம்லா. மூணு வருசமா?”

நான் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன்.

“என்னட்டி, வாயில கொழுக்கட்டையா?”

தலையை ஆட்டினேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். உடைந்த பக்கெட்டிலிருந்து ஏறிப் பந்தலின் காலில் சுற்றியிருக்கும் அவரைக்கொடியைப் பார்த்தாள். அதன் அடியில் மண் ஈரமாக இருந்தது. கிணற்றடியில் அப்பா வாளியை இறக்கிக்கொண்டிருந்தார்.

“ஏல நெல்லையா!”

அப்பாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. வாளி கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டு அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

“அவரைக்காய எங்கன வச்சுல விட்ட?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக் காட்டினேன். அவருக்கு அத்தையின் கையில் இருந்த தாள் தெரிந்தது.

“கேக்கம்லா? எங்கன விட்ட?”

“குறுக்குத்துறையில” என்றார் அப்பா. மிகவும் மெதுவாகச் சொன்னார்.

“காசியில பாகக்கா, குறுக்குத்துறையில அவரைக்காயா? கங்கையில விடாம ஆத்துல விட்டா செல்லும்னு உனக்கு எவம்ல சொன்னான்?”

“அப்பா கங்கையப் பாத்ததே கெடையாதுக்கா” என்றார் அப்பா. “எழுவது வருசம் குளிச்சது இந்த ஆத்துலதான. எங்க வச்சு சொன்னா அவுகளுக்குக் கேக்கும்னு யோசிச்சேன்.”

அத்தை கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். திரும்பவும் போட்டாள். திரும்பவும் கழற்றினாள்.

“வாய்வாம்லா வாய்வு!” என்றாள் கடைசியில். “மூணு வருசமா வாய்வுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான், சவத்து மூதி. ஏ வடிவு, நீயாவது ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

“நீங்க ரெண்டு பேரும் கெணத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னா நான் யாருட்ட மைனி சொல்லுவேன்?” என்றாள் அம்மா. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்படியும் முடியும் என்று இன்றுதான் பார்த்தேன்.

“நானும் அன்னைக்கு அம்புட்டு பேர் முன்னால அப்பிடிக் கேட்டுருக்கக் கூடாதுல” என்றாள் அத்தை.

அப்பா கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே, “வாளி போயிட்டு” என்றார்.

“போனாப் போவுது. வாளிய எடுக்க பாதாளக்கரண்டி எங்க வீட்டுலதான் கெடக்கு.”

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பூ விரிந்துகொண்டே போகிறது! அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பந்தலைக் காட்டினேன். விளக்கைக் காட்டினேன்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

“எக்கா.”

“சொல்லுல.”

“அந்த லைட்டக் கொஞ்சம் அணையேன். பிள்ளைக்குக் காய் பிடிக்கணுமாம்.”

அத்தை உடனே போகவில்லை. என் பக்கம் திரும்பினாள். “இன்னைக்குப் பூச்சி வந்தா, காய் கூட்டு வைக்க எத்தன நாளாவும்ட்டி?”

இப்போது வாயைத் திறக்கலாம் என்று நினைத்தேன். “பதினஞ்சு நாள் அத்தை.”

அத்தை விரல் விட்டு எண்ணினாள். பதினேழைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். “இருவத்தேழு ஆயிருதே” என்றாள். “சிதம்பரத்துட்ட நீ பேசுதியா நெல்லையா, நான் பேசவா?”

“நான் பேசுதேன்” என்றார் அப்பா.

பூச்சி வந்ததா என்று டீச்சர் கேட்பார். பந்தலுக்கு அடியில் நாங்கள் நான்கு பேரும் மூச்சுக் கூடச் சத்தமாக விடாமல் நின்றோம். வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். நான் பார்த்தது இவ்வளவுதான், நேரம் அப்பாவின் கைக்கடிகாரப்படி:

6.52: அத்தை வீட்டு விளக்கு அணைக்கப்பட்டது.

6.53: எங்கள் அடுக்களை விளக்கும் அணைக்கப்பட்டது.